மூன்று மணிக் கட்டம்

பொய் சொல்லத் தெரியாத ஒருவர் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய இம்சை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். நான் ஆறு வருடம் அனுபவித்தேன்.

நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் இருக்கும் அபார்ட்மென்ட்டிலிருந்து காரில் இருபது நிமிடத்தில் அந்த ஆஸ்பத்திரி. அதன் நாலாவது மாடியில் அவர் நர்ஸ், நான் எய்ட். எய்ட் என்றால் நர்ஸுக்குக் கையாள். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பு துடைப்பது, பெட்பேன் வைப்பது, எடுப்பது, பாத்ரூமுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவது எல்லாம் எங்கள் தலையில். அம்பத்தூரில் என் அம்மா அக்கம்பக்கத்தில், “பொண்ணு அமெரிக்கால மெடிக்கல் லைன்ல இருக்கா” என்று சொல்லி வைத்திருக்கிறாள். பி.காம். படித்தவள் எப்படி மெடிக்கல் லைனுக்குப் போனாள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லையாம். கேட்காதவரை நல்லது.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அந்த மாடியில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், அதனால் எனக்கு அவர் அக்கா. மற்றவர்களுக்கு ‘மிஸ் நாட் சீன்’. அந்தப் பட்டப்பெயர் வந்த கதையைச் சொன்னால் ஆளையே சொன்ன மாதிரி.

எங்கள் மாடியில் ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை மணிக்கு ஒரு கட்டம். மணிக்கொரு தடவை யாராவது உள்ளே போய் நோயாளியைப் பார்த்துவிட்டு, கட்டத்தில் தங்கள் பெயரின் முதலெழுத்தைப் போட வேண்டும். ஒற்றைப்படை மணி எய்டுக்கு, இரட்டைப்படை மணி நர்ஸுக்கு. கையில் ஆள் இருந்த காலத்தில் போட்ட விதி அது. அப்போதெல்லாம் முப்பது படுக்கைக்கு நாலு எய்டாம். பிறகு அந்த ஆஸ்பத்திரியை ஒரு பெரிய குழுமம் வாங்கியது. வாசலில் பெயர்ப்பலகையை மாற்றினார்கள், லாபியில் தானாக வாசிக்கும் பியானோ ஒன்று வைத்தார்கள், நாலு மூன்றாகி மூன்று இரண்டானது. அந்த இரண்டில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு ஒன்றுதான். கட்டம் மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை.

ஆகவே என்ன செய்வோம்? வேலை முடிகிற நேரத்தில் கோடியிலிருந்து கோடிவரை ஒரே நடையாக நடந்து எல்லாக் கதவிலும் விட்டுப்போன கட்டங்களை நிரப்பிவிடுவோம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெண், படுக்கை விரிப்பு மாற்றக் கற்றுக்கொடுத்த அதே நாளில் இதையும் கற்றுக்கொடுத்தாள். இரண்டு பேனா வைத்துக்கொள், மாற்றி மாற்றிப் போடு, ஒரே மையாக இருந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றாள். நல்ல மனுஷி. இதில் குற்ற உணர்ச்சி எதுவும் அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

அக்கா போடமாட்டார். காலியாக விட்டாலாவது மறந்துபோச்சு என்று சமாளிக்கலாம். அவர் அந்தக் கட்டத்துக்குள் ‘நாட் சீன்’ என்று பெரிய எழுத்தில் எழுதுவார். பார்க்கவில்லை. சில நாள் ஓரத்தில் காரணமும் இருக்கும்: எட்டாம் அறையில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தேன், பதினொன்றாம் அறையில் ஒருவர் இறந்துபோனார்.

முதல் வாரமே நான் மாட்டினேன். மாலை ஆறே முக்காலுக்கு இரண்டு பேனாவோடு கதவு கதவாகப் போய்க்கொண்டிருந்தவளின் பின்னால் ஒரு குரல். “பதினோரு மணிக்கு இந்த ரூமுக்குப் போனியா?”

ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ஏதாவது மழுப்பியிருப்பேன். பச்சைத் திருநெல்வேலித் தமிழில் கேட்டதும் உண்மைதான் வந்தது.

“இல்லக்கா.”

“பொறவு என்னத்துக்குட்டி ஒம் பேரப் போடுத? அப்பாம்மா வச்ச பேரு, அவ்வளவு மலிவாவா கெடக்கு?”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேனாவாலேயே அவரைக் குத்தியிருப்பேன். வந்துட்டாங்கப்பா அரிச்சந்திரனுக்கு அக்கா என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் அரைமணி நேரம் திட்டித் தீர்த்தேன்.

ஆனால் வேலையில் அவரைப் போல ஒருத்தரை நான் பார்த்ததில்லை. மதுரையில் படித்து, குவைத்தில் எட்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். கைக்குள் ஊசி போவதே தெரியாது. மதியச் சாப்பாடு என்பது மருந்து அறைக்குள் நின்றபடி ஒரு ஸ்டீல் டப்பாவிலிருந்து நாலு ஸ்பூன் தயிர்சாதம். ஒரு சமயம் அவருக்குக் கிட்னியில் கல். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்களாம். “குடிச்சா பாத்ரூம் போவணும். போவதுக்கு யாரு விடுதா?” என்று சிரித்தார். காலையில் வீட்டில் போனால் மறுபடி மாலை வீட்டில்தான். எங்கள் எல்லோருக்குமே அப்படித்தான். அதை ஒரு குறையாகச் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்கிறவரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆட்களைப் பங்கிடும் ஆபீஸ் ஒன்று உண்டு. ஆள் போதவில்லை என்று போன் செய்தால், கிரிட்படி உங்கள் மாடிக்கு ஆள் சரியாகத்தான் இருக்கிறது என்பார்கள். கிரிட் என்பது இத்தனை நோயாளிக்கு இத்தனை பேர் என்று யாரோ எங்கேயோ உட்கார்ந்து போட்ட அட்டவணை. அக்கா ஒருநாள் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, “அப்படியானால் அந்தக் கிரிட்டை மேலே அனுப்புங்கள், ஒன்பதாம் அறையில் ஒருவருக்குப் பெட்பேன் வேண்டும்” என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். மாடியே சிரித்தது. மறுநாள் அவருக்கு ஒரு நோயாளி கூடுதலாக விழுந்தது.

சிரித்தவர்கள் எல்லோரும் அவரை விரும்பினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கட்டங்கள் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று மாதாமாதம் ஒவ்வொரு மாடிக்கும் மதிப்பெண் போடுவார்கள். அக்காவின் ‘நாட் சீன்’களால் நாங்கள்தான் எப்போதும் கடைசி. அதற்குத் தண்டனையாக மாடி மொத்தமும் விடுமுறை நாளில் வந்து வகுப்பில் உட்கார வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போகும்போது புன்னகை செய்வது எப்படி என்று வகுப்பு. என் பெண்ணின் பிறந்தநாளன்று ஒரு தடவை அப்படிப் போய் உட்கார்ந்தேன். வெளியே வந்ததும் பொங்கிவிட்டேன்.

“ஒரு எழுத்துக்கா! ஒரே ஒரு எழுத்து போட்டா என்ன குடி முழுகிடும்? எல்லாரும்தானே போடறோம்?”

“எல்லாரும் போடுததுனாலதான்டி ஆள் போதும்னு நெனைக்கான்” என்றார். “நீ போவாத எடத்துக்கெல்லாம் போனதா எழுதிக் குடுத்துக்கிட்டே இருந்தா, இன்னொரு ஆள எதுக்கு அவன் தருவான்?”

ஆனால் என் கோபம் போகவில்லை. அவர் சொல்வது சரி என்பதும், அவரால் என் பெண் கேக் வெட்டும்போது நான் பக்கத்தில் இல்லை என்பதும் இரண்டுமே உண்மையாக இருந்தன. நியாயஸ்தர்கள் கூட இருப்பதில் இது ஒரு தொல்லை.

வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். என் பெண் ஒரு குதிரை வரைந்து கொண்டுவந்து, “இஸ் இட் குட், ஆண்ட்டி?” என்றாள். வந்த வேறு யாராக இருந்தாலும் சூப்பர்டா கண்ணு என்றிருப்பார்கள். அக்கா தாளை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு, “இல்ல. பின்னங்கால் தப்பு” என்றார். குழந்தை முகம் சுருங்கி அழுதுகொண்டே உள்ளே ஓடிவிட்டாள். என் கணவர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். அக்கா சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து, குதிரையின் பின்னங்கால் எப்படி மடங்கும் என்று அவளோடு சேர்ந்து வரைந்துகொண்டிருந்தார். குழம்பு ஆறிப்போயிற்று.

அவளுக்கு ஏழு வயதில் சர்க்கரை வந்தது. குழந்தைகளுக்கு வருகிற வகை, ஆயுசுக்கும் இன்சுலின் ஊசிதான். அந்த வாரம் நான் நானாக இல்லை. ஆஸ்பத்திரியில் ஆயிரம் ஊசியைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்தான், ஆனால் என் குழந்தையின் வயிற்றைப் பார்த்ததும் ஊசியைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். அக்கா வந்தார். சோபாவில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கி, “என் வயித்துல குத்து மொதல்ல” என்றார். வெறும் உப்புத்தண்ணீர் ஏற்றிய ஊசி. நான் தப்பும் தவறுமாகக் குத்த, அவர் “சாய்க்காத, நேரா” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அன்றைக்கு ஒன்பது தடவை குத்தினேன். பிறகு என் பெண்ணிடம் திரும்பினார். வலிக்காதுடா தங்கம் என்று நான் ஆரம்பிக்க, அவர் என் வாயை அடக்கிவிட்டு அவளிடம் சொன்னார்: “வலிக்கும். மூணு எண்ணுததுக்குள்ள முடிஞ்சிரும்.” மூன்று எண்ணுவதற்குள் முடிந்தது. அதன்பிறகு அந்தக் குழந்தை என்னை நம்பியதைவிட அவரைத்தான் நம்பினாள். அந்த மனுஷியின் காலில் விழுந்து கும்பிட வேண்டும் போல இருந்தது எனக்கு, கும்பிட்டிருக்கலாம்.

அடுத்த வருடம் என் கணவருக்கு வேலை போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலை லேப்டாப் திறக்கவில்லை, அவ்வளவுதான் சேதி. அதுவரை என் வேலை ஏதோ கைச்செலவுக்கு என்று இருந்தது. அன்றிலிருந்து வீட்டின் இன்ஷூரன்ஸ் என் வேலையில் தொங்கியது. இன்ஷூரன்ஸ் என்றால் என் பெண்ணின் இன்சுலின். நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டு ஒரு நாள்கூட இறங்க முடியாது என்று எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அந்த நிலைமையில்தான் கரூர் அம்மா வந்து சேர்ந்தார்.

மகளின் பிரசவத்துக்காக ஊரிலிருந்து வந்தவர். பேத்தி பிறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, இவருக்கு நிமோனியா. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், காலில் பலமில்லை, கொஞ்சம் தடுமாற்றம். மகள் பச்சைக்குழந்தையோடு வீட்டில். மருமகன் காலையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். முன்பெல்லாம் இப்படித் தடுமாறுகிறவர்கள் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைப்பார்கள். அந்த ஆட்களையும் எடுத்துவிட்டு, கம்பத்தில் ஒரு பெட்டியை நிறுத்தினார்கள். பெட்டியில் கேமரா. வேறு ஏதோ ஊரில் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு பன்னிரண்டு அறைகளை ஒரே நேரத்தில் பார்ப்பாள். யாராவது எழுந்திருக்கப் பார்த்தால் பெட்டி வழியாக, “மேடம், ப்ளீஸ் ஸ்டே இன் பெட்” என்பாள். அந்தக் கேமரா எதையும் பதிந்து வைக்காது, பார்ப்பது மட்டும்தான்.

கரூர் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. காலையில் நான் முகம் துடைத்துவிடும்போது கேட்டார்: “ஏங்கம்மிணி, அந்தப் பொட்டிக்குள்ளருந்து ஒரு புள்ள கூப்டுட்டே இருக்குதுங்களே, யாருங்க அது? நாம்பாட்டுக்குப் படுத்துக் கெடந்தா மருவாதி இல்லைன்னு நெனைச்சுக்க மாட்டாங்களா?”

சிரித்துவிட்டேன். “அது சும்மா பேசும்மா, நீங்க எழுந்துக்காதீங்க” என்றேன். யாரிடமாவது சொல்லி, அந்தக் குரலை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். எனக்கு வேறு இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். அன்று கூட வரவேண்டிய எய்ட் வரவில்லை.

ஒரு மணிக்கு அந்த அம்மாவுக்கு இரண்டு வாய் ஊட்டிவிட்டேன். அந்தக் கட்டத்தில் இருந்த என் எழுத்து நிஜம். இரண்டு மணிக்குச் சற்று முன் அக்காவின் இன்னொரு நோயாளி ரத்த வாந்தி எடுத்தார். அக்கா என்னைக் கூப்பிட்டார். மூன்றரை வரைக்கும் நாங்கள் இருவரும் அந்த அறைக்குள் இருந்தோம். மூன்று மணி அடிக்கும்போது நான் அந்த ஆளின் மோவாய்க்குக் கீழே வாந்தி ஏந்தும் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடுவில் ஒரே ஒரு தடவை, ரத்தம் வாங்கிவர ரத்த வங்கிக்கு ஓடினேன்.

திரும்பி வரும்போது தாழ்வாரத்தின் மறுகோடியில் கோட்டுப் போட்ட நாலைந்து பேரோடு மேனேஜர் வந்துகொண்டிருந்தார். மேலிடத்துப் பெரியவர்கள். கதவுத்தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு கையில் ரத்தப் பை, மறு கையில் பேனா. என் வழியில் இருந்த கதவுகளிலெல்லாம் மூன்று மணிக் கட்டத்தில் என் எழுத்தைப் போட்டுக்கொண்டே ஓடினேன்.

கரூர் அம்மாவின் கதவிலும் போட்டேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு குரல் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. டிவி என்று நினைத்தேன். இல்லை, டிவி என்று நினைத்துக்கொண்டேன். தலையை ஒரு சாண் நீட்டியிருந்தால் போதும், நான் நீட்டவில்லை.

மூன்றே முக்காலுக்கு அக்காதான் பார்த்தார். நான் பின்னாலேயே ஓடினேன். அம்மா தரையில் கிடந்தார், குழாய் மூக்கிலிருந்து உருவிப் போயிருந்தது, ஒரு கால் கோணலாக மடங்கியிருந்தது. பெட்டிக்காரி மூன்று பன்னிரண்டுக்கு மாடிக்கு போன் செய்திருக்கிறாள். போன் எடுக்க உட்காரும் பெண்ணைப் போன மாதம்தான் குறைத்திருந்தார்கள். அக்காவின் பையிலிருந்த போனும் அடித்திருக்கிறது, அவர் கை இரண்டும் ரத்தத்தில் இருந்தது. படுக்கை அலாரமும் அடித்துத்தான் இருக்கும், அந்த மாடியில் ஏதாவது ஒரு அலாரம் அடிக்காத நேரமே கிடையாது. குனிந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா சொன்னார்: “கூப்டாங்க கண்ணு. போய் என்னன்னு கேக்கலாம்னு எந்திரிச்சேன்.”

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

அறை காலியானதும் அக்கா கதவருகே வந்து நின்றார். அவருடைய இரண்டு மணிக் கட்டம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா, வேணாம். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உங்க எழுத்தப் போட்டுடுங்க. உங்க காலத் தொட்டுக் கேக்கறேன். இதுல ‘நாட் சீன்’னு எழுதினா உங்களக் கொன்னுடுவாங்க.”

“நான் ரெண்டு மணிக்குப் போவலட்டி” என்றார். எழுதினார். பிறகு அடுத்த கட்டத்தைப் பார்த்தார், மூன்று மணிக் கட்டத்தில் என் எழுத்து. என் பக்கம் திரும்பினார்.

“மூணு மணிக்கு நீ என்கூட அந்த ரூம்ல பேசின் பிடிச்சுக்கிட்டு நின்ன.”

யாரோ மணி அடித்தார்கள், இரண்டு பேரும் இரண்டு பக்கம் போனோம்.

நாலாம் நாள், ஆபரேஷன் முடிந்தவர்கள் இருக்கும் மாடிக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். அக்கா ஏற்கெனவே ஒரு மூலையில் நின்றிருந்தார், அவருக்கு அன்று விடுமுறை. மகள் கைக்குழந்தையோடு நாற்காலியில் இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. என் சட்டையிலிருந்த பெயரைப் படித்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்கதானாக்கா? நர்ஸ் வரலைன்னாலும் நீங்க மூணு மணிக்குப் போய் அம்மாவப் பாத்தீங்கன்னு சொன்னாங்க. கடைசியா நல்லா இருந்தப்பப் பாத்தது நீங்கதான். அம்மா எப்படி இருந்தாங்கக்கா? ஏதாச்சும் சொன்னாங்களா?”

அந்த அம்மா கண்ணை மூடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இல்லம்மா, நான் போகவில்லை என்று ஒரு வரி. அதுதான் சொல்ல வேண்டியிருந்தது. என் வாய் தானாகத் திறந்து, “நல்லா இருந்தாங்க. தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். பேத்தியப் பத்திப் பேசிட்டு இருந்தாங்க” என்றது.

அந்தப் பெண் அழுதாள். அழுகையினூடே ஒரு சிரிப்பு. குழந்தையை என் பக்கம் திருப்பி, “உன்னப் பத்திதான்டா பேசிருக்காங்க” என்றாள். அக்கா மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் பக்கத்தில் என்னை நிறுத்தினார். திட்டுவார் என்று பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினார்.

“நாளைக்கு என்ன விசாரிக்கக் கூப்புடுதாங்க. உன்னப் பத்திக் கேட்டா நான் சொல்லிருவேன். அதுக்கு முந்தி நீயே போய்ச் சொல்லிரு. மேனேஜர்ட்டயும் சொல்லு, அந்தப் புள்ளட்டயும் சொல்லு.”

“வேலை போயிடும்கா. அவருக்கும் வேலையில்ல. குழந்தைக்கு இன்சுலின்… நான் என்னக்கா பண்ணுவேன்?”

“எனக்குத் தெரியாதாட்டி” என்றார். அந்த ஆஸ்பத்திரியில் அவர் கண்ணில் நீர் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “தெரிஞ்சுதான் சொல்லுதேன். யோசிச்சுக்கோ.”

இரவெல்லாம் யோசித்தேன். காலையில் போய்ச் சொல்லவில்லை.

பத்து மணிக்கு அக்கா உள்ளே போனார். நான் துணி வண்டியில் போர்வையை மடித்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்திருந்தேன். ஒரு போர்வையையே எத்தனை தடவை மடித்தேன் என்று தெரியாது. முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து நேராக என்னிடம் வந்தார்.

“கேக்கல” என்றார்.

“என்னக்கா?”

“உன்னப் பத்தி ஒண்ணும் கேக்கல. எய்ட் அவங்க வேலையச் சரியாப் பாத்திருக்காங்க, நீ ஏன் பாக்கலன்னுதான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. ஆள் இல்லன்னேன். அதப் பேச இங்க வரலன்னுட்டாங்க.” என் கையிலிருந்த போர்வையை வாங்கி வண்டியில் வைத்தார். “அவங்க கேக்கல. நானும் சொல்லல.”

அவர் முகம் நோயாளி முகம் மாதிரி இருந்தது. தன் வேலை போனதை அதற்குப் பிறகுதான் சொன்னார், அதுவும் போகிறபோக்கில். செக்யூரிட்டி ஒருவன் கூடவே நடந்துபோய் லாக்கரைத் திறக்க வைத்தான். அவனுடைய மனைவிக்கு அக்கா ஒரு காலத்தில் கட்டுப் போட்டுவிட்டவர். அவன் தலையைக் குனிந்துகொண்டே நடந்தான்.

கரூர் அம்மா மூன்றாவது வாரம் இறந்துபோனார். உடம்பைக் கரூருக்குக் கொண்டுபோனார்களா, இங்கேயே தகனம் செய்தார்களா என்று எனக்குத் தெரியாது. விசாரிக்கப் பயமாக இருந்தது. எங்கள் மாடியின் மதிப்பெண் அந்த மாதமே ஏறியது. காலைக் கூட்டத்தில் மேனேஜர் எல்லோருக்கும் பீட்ஸா வாங்கிக்கொடுத்து, கட்டங்களை ஒழுங்காக நிரப்புகிறவர்களில் என் பெயரையும் வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அந்த பீட்ஸாவைத் தின்றேன். இன்றைக்கும் பெரும்பாலான நாட்களில் அந்த மாடிக்கு ஒரு எய்ட்தான்.

அக்கா என் போனை எடுப்பதில்லை. சரியாகச் சொன்னால், நான் இரண்டு தடவைதான் செய்தேன். அவருடைய லைசன்ஸ் ஒரு வருடம் இழுபறியாக இருந்து கண்டிப்புக் கடிதத்தோடு தப்பித்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, எடிசனில் ஒரு இந்தியக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன். அதற்குள் பார்த்துவிட்டார். இளைத்திருந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு முதியோர் இல்லத்தில் வேலையாம். “புள்ளைக்கு ஷுகர் எப்படி இருக்கு? இப்பவும் வயித்துலதான் போடுதாளா, தொடையிலயா?” என்று அதைத்தான் முதலில் கேட்டார். சொன்னேன். என் கணவருக்கு வேலை கிடைத்துவிட்டதையும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் கையிலிருந்த வெண்டைக்காயைக் கூடைக்குள் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

“சொல்லிட்டியாட்டி?”

என்ன என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. இப்போது அந்த இன்ஷூரன்ஸ் பயமும் இல்லை, எந்தச் சாக்கும் இல்லை.

“சொல்லிட்டேன்கா.”

“அந்தப் புள்ளட்டயுமா?”

“ஆமாக்கா.”

அவர் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு அதுதான்டி. வேல போனது கூட பெருசில்ல. அன்னைக்கு அந்த விசாரணை ரூமுக்குள்ள நானா வாயத் தொறந்து சொல்லியிருக்கணும், சொல்லாம வந்துட்டேன். அந்தப் புள்ள இன்னும் அத நெசம்னு நெனச்சுக்கிட்டு இருக்குமேன்னு… ராத்திரி முழிப்பு வந்தா அவ்வளவுதான், பொறவு தூக்கமே கெடயாது.” பிறகு கேட்டார்: “என்ன சொன்னா?”

“ரொம்ப நேரம் அழுதாக்கா. அப்புறம் பரவால்ல, நீங்க வந்து சொன்னீங்களேன்னு சொன்னா. உங்களையும் கேட்டா. உங்க மேல கோவம் இல்லன்னு சொல்லச் சொன்னா.”

“நல்ல புள்ள” என்றார் அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்ல புள்ள” என்று இன்னொரு தடவை சொன்னார். என் கன்னத்தில் ஒரு தட்டு தட்டினார். ஆறு வருடத்தில் அவர் என்னை அப்படித் தொட்டதே இல்லை.

எப்போது போனாய் என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு தேதி ஜோடித்து வைத்திருந்தேன்.